மூலவர் பிளாப்பி

வில்லியனூர்
12-1-1988

அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சண்டை.

நீ அனுப்பிய பிளாப்பி வந்து சேர்ந்தது. உறையின் மேல் "மடிக்காதே" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாய். யாரும் மடிக்கவில்லை. வழியில் எவரோ முத்திரையைத்தான் ஓங்கிக் குத்தியிருக்கிறார். ஆனாலும் கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டது, மாதாவுக்கு நன்றி.

"இதை அப்படியே மூலவர் மேல் ஏற்றிவிடு" என்று எழுதியிருக்கிறாய். ஏற்ற மாட்டேன்.

கோபப்படாமல் கேள். எந்த வாரம் எந்த விவசாயி கரும்பு வெட்டலாம் என்று பட்டியல் போடுகிற புரோகிராமை நம் ஆலைக்கு எழுதிக் கொடுத்தவன் நீ. அதைத் தினமும் இங்கே உட்கார்ந்து ஓட்டுகிறவள் நான். மெட்ராசில் உன் கம்பெனியில் நீ ஒரு பக்கம் திருத்துகிறாய், இங்கே நான் ஒரு பக்கம் திருத்துகிறேன். இருவருக்கும் பொதுவான பிளாப்பி ஒன்றுதான், அது பீரோவில் இருக்கிறது. நம் அட்டெண்டர் பக்கிரி அதற்கு மூலவர் என்று பெயர் வைத்துவிட்டார். கருவறையை விட்டு வெளியே வராதாம். பஸ்ஸிலும் தபாலிலும் உன்னிடம் வந்து போகிற நகல் எல்லாம் உற்சவர். அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். இப்போது அவளே "மூலவர் சவுக்கியமாடி?" என்று கேட்கிறாள்.

உன் கையில் இருப்பது அக்டோபரில் நான் கொடுத்தனுப்பிய உற்சவர். அதற்குப் பிறகு இங்கே நான் 'பக்கம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அது உன்னிடம் இல்லை. உன்னுடையதை மொத்தமாக மேலே போட்டால் என்னுடையது சுவடில்லாமல் அழிந்துபோகும்.

அந்தக் கட்டம் எதற்கு என்று கேட்பாய். ஏம்பலத்தில் வரப்புக்கு இந்தப் பக்கம் பாண்டிச்சேரி, அந்தப் பக்கம் தென்னாற்காடு. சர்வே நம்பர் போட்டவர்கள் வேறு வேறு. அந்த ஊர் ஆண்டாளம்மாவுக்கு இந்தப் பக்கத்து வயல் நம்பர் 41. அந்தப் பக்கத்தில் இன்னொரு வயல், அதுவும் நம்பர் 41. போன மாதம் ஆபீசுக்கு வந்து, "எனுக்கு வயலும் ரெண்டு, சர்க்காரும் ரெண்டு. நம்பர் மட்டும் ஒண்ணா இருந்தா நான் இன்னாமா பண்ணட்டும்?" என்று கேட்டார். நியாயம்தானே? இந்தப் பக்கத்துக் கரும்பு முற்றி நிற்கிறது. அந்தப் பக்கத்தது பிந்தி நட்டது, இளசு. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அந்தக் கட்டம்.

ஆகவே இப்படிச் செய்வோம். நீ மாற்றிய வரிகளை மட்டும் காகிதத்தில் எழுதி அனுப்பு. பழைய வரி என்ன, புதிய வரி என்ன, ஏன் மாற்றினாய், அவ்வளவுதான். நான் அவற்றை முதலில் உற்சவரில் ஏற்றி, போன வருஷத்து வயல்களை வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். நடேசன் சார் அப்போது கையால் போட்ட பட்டியலோடு ஒத்துப்போனால் மூலவருக்குப் போகட்டும். என் திருத்தத்தையும் அப்படியே உனக்கு எழுதுகிறேன். நீ சரி என்ற பிறகுதான் ஏற்றுவேன்.

நடேசன் சார் யார் என்று மறந்திருப்பாய். எங்கள் கரும்பு அதிகாரி. "இந்தப் பொட்டி ஒரே ஒரு தப்பு பண்ணட்டும், சாக்கு போட்டு மூடிட்டு உன்னை டைப்பிங்குக்கே அனுப்பிடறேன்" என்று வாரா வாரம் சொல்கிறார். டைப்பிங்கிலிருந்து இந்த நாற்காலிக்கு வர நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். இதை நான் விட மாட்டேன், அண்ணே.

இப்போது நலம் விசாரிக்கிறேன். நலமா? சாப்பாட்டு மெஸ்ஸை மாற்றிவிட்டாயா?

தங்கை,
ஆரோக்கிய செல்வி


மெட்ராஸ்
20-1-1988

அன்புத் தங்கை செல்விக்கு,

மெஸ் அதேதான். சாம்பாரும் அதேதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வந்தது. வீட்டைக் கட்டிய கொத்தனார் ஜன்னலை மாற்ற வேண்டுமென்றால் குடியிருக்கிறவரிடம் மனுப் போட வேண்டுமா? அந்தப் புரோகிராமின் முதல் வரியைப் போய்ப் பார். 'எழுதியவர்: தனிஸ்லாஸ்' என்று இருக்கும்.

நான் செய்திருப்பது சின்ன வேலை இல்லை. பட்டியல் அச்சாகிற நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதோடு, ஒரே பெயரும் ஒரே நம்பரும் இரண்டு முறை வந்தால் ஒன்றைத் தானே விலக்கிவிடும். உங்கள் ஆபீசில்தான் ஒரே வயலை இரண்டு முறை டைப் அடித்து வைத்திருந்தீர்களே, அதற்காகத்தான். உன் 'பக்கம்' கட்டம் எல்லாம் நல்ல எண்ணம்தான், செல்வி. ஆனால் ஒரு ஆண்டாளம்மாவுக்காகப் புரோகிராமில் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனால் அது பழைய பாவாடை மாதிரி ஆகிவிடும். அப்புறம் பார்க்கலாம்.

வரி வரியாகக் காகிதத்தில் எழுத எனக்கு நேரமும் இல்லை. பிப்ரவரி பத்தாம் தேதி, புதன்கிழமை, இதே புரோகிராமை வாங்க நினைக்கிற வேறோர் ஆலைக்காரர்கள் உங்கள் ஆலைக்கு வருகிறார்கள். எங்கள் மேனேஜர்தான் அழைத்து வருகிறார். அன்றைக்குப் பட்டியல் அச்சாகிற வேகத்தைக் காட்ட வேண்டும். அது நடந்தால் எனக்கு இங்கே ஒரு படி உயர்வு நிச்சயம். அண்ணன் சொல்கிறேன், ஏற்றிவிடு.

நம் சித்தி மகள் கிரேஸ் மேரி கல்யாணத்துக்கு வருகிறேன். தபசு காலத்தில் கல்யாணம் கூடாது என்று அதற்கு முன் எல்லோரும் அடித்துப்பிடித்து வைக்கிறார்கள், பஸ்ஸில் இடம் கிடைக்குமோ என்னவோ. பூரணாங்குப்பத்தில் பார்ப்போம். அம்மாவிடம் சொல்.

அண்ணன்,
தனிஸ்லாஸ்


வில்லியனூர்
10-2-1988

தனிஸ்லாஸ் அண்ணனுக்கு,

என்ன காரியம் செய்துவிட்டுப் போயிருக்கிறாய்?

திங்கட்கிழமை நான் கிரேஸ் பக்கத்தில் பூவைப் பிடித்துக்கொண்டு மாதா கோயிலில் நிற்கிறேன். நீ விருந்தில் பாதியில் காணாமல் போனாய். "சிகரெட் வாங்கப் போயிருப்பான்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். நீ சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஆலைக்கே போயிருக்கிறாய்!

பக்கிரியைக் கேட்டேன். பாவம், மறைக்கத் தெரியாதவர். "உங்க அண்ணந்தானேம்மா, கல்யாண வூட்டு சட்டையோட வந்தாரு. இத்தை எழுதினதே நாந்தான்னாரு. நான் இன்னா கண்டேன், சாவியக் குடுத்துட்டேன்" என்றார். சாமியைச் செய்த ஸ்தபதியே வந்து கேட்டால் கருவறை சாவியைக் கொடுப்பதுதானே முறை என்று நினைத்திருக்கிறார். அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, அண்ணே? செவ்வாய்க்கிழமை முழுக்க வயல் விவரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அடியில் இருப்பது வேறு புரோகிராம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை உன் மேனேஜரும் அந்த ஆலைக்காரர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, பட்டியல் சரசரவென்று அச்சானது. கை தட்டினார்கள். நானே ஒரு நிமிஷம் அசந்துதான் போனேன். அவர்கள் காரில் ஏறிப் போனார்கள். ஃபீல்டுமேன்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மத்தியானம் ஆண்டாளம்மா ஏம்பலத்திலிருந்து வேகாத வெயிலில் வந்து நின்றார்.

"இன்னாமா, என் கரும்பு பூ எடுத்து நிக்குது. இந்த வாரம் வெட்டு ஆர்டர்னு நீதானே சொன்ன? லிஸ்ட்டுல என் பேரே இல்லியாமே. உன் பொட்டிக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

உன் புரோகிராம் இரண்டு 41-ஐப் பார்த்தது. ஒன்றைத் தள்ளிவிட்டது. தள்ளியது முற்றிய கரும்பை. வைத்துக்கொண்டது இளசை. இளசுக்கு இன்னும் நாள் வரவில்லை, அதனால் ஆர்டரே இல்லை. பூ எடுத்த கரும்பு வயலில் நின்றால் சக்கையாகிப் போகும். உனக்குச் சொல்ல வேண்டுமா? அப்பா இருந்த காலத்தில் நம் உறுவையாற்று வயலில் பார்த்ததுதானே.

நடேசன் சார் கையால் ஒரு ஆர்டர் எழுதித் தர மாட்டேன் என்றுவிட்டார். "ஒருத்தருக்கு எழுதினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்" என்கிறார். அதுவும் சரிதான். அப்புறம் எல்லோர் எதிரிலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வர்ற புதன்கிழமை பட்டியலை நானும் கையால போடறேன். உன் பொட்டியும் போடட்டும். ரெண்டும் ஒத்துப்போனா அந்தம்மாவுக்கு மொத ஆர்டர். இல்லேன்னா சாக்கு ரெடியா இருக்கு, டைப்பிங்ல உன் நாற்காலியும் ரெடியா இருக்கு."

ஆண்டாளம்மாவின் கரும்பும் என் நாற்காலியும் இப்போது ஒரே கயிற்றில் தொங்குகின்றன. உன் பெயரை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது, எழுதினால் காகிதம் தாங்காது.

செல்வி


மெட்ராஸ்
13-2-1988

செல்விக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. மேனேஜர் நேற்றுத்தான் என் தோளில் தட்டி, "ஜமாய்த்துவிட்டீர்கள் தனிஸ்லாஸ்" என்றார். அந்தக் கை ஈரம் காய்வதற்குள் உன் கடிதம்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது உனக்கே தெரியும். புதன்கிழமை முடிந்ததும் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ பிடிவாதம் பிடிக்காமல் அப்போதே ஏற்றியிருந்தால் நான் ஏன் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஓடப்போகிறேன்? சரி, அதை விடு.

எனக்கு ஒரு யோசனை. மெஷின் கோளாறு என்று சொல்லிவிடு. கரண்ட் ஏறி இறங்கியது, ஒரு வரி விழுந்துபோயிற்று என்று சொன்னால் அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? உன்மேலும் பழி வராது, என்மேலும் வராது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானே வந்து சரிசெய்து தருகிறேன். லீவு கிடைப்பது கஷ்டம்தான், கேட்டுப் பார்க்கிறேன். நான் வரும்வரை நீ எதையும் தொடாதே.

ஆண்டாளம்மா என்ன சொன்னார் என்பதை நீ எழுதியிருக்க வேண்டாம். சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் காதில் விழுகிறது.

தனிஸ்லாஸ்


வில்லியனூர்
18-2-1988

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். கிடைக்காததே நல்லது.

நீ தொடாதே என்றாய். நான் தொட்டேன். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை மூலவருக்கு ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை, எலிக்குப் பயந்து. சர்க்கரை ஆலை எலிக்கு எதைக் கடிப்பது என்ற விவஸ்தையே கிடையாது.

அதை அப்படியே திரும்ப ஏற்றி ஓட்டியிருந்தால் போதும், பட்டியல் சரியாக வந்திருக்கும். எனக்குப் போதவில்லை. உன் பிளாப்பியையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து, எங்கெங்கே வித்தியாசம் என்று அடிக்கோடு போட்டேன். அச்சு வேகத்துக்கு நீ எழுதிய வரிகளைப் படித்தபோது, கோபமெல்லாம் தாண்டி, அடேயப்பா என்று வாயாலேயே சொல்லிவிட்டேன். பக்கிரி திரும்பிப் பார்த்தார். அந்த வரிகளை எடுத்துக்கொண்டேன். இரட்டைப் பதிவைத் தள்ளுகிற வரியையும் எடுத்துக்கொண்டேன். ஆனால் பெயர், நம்பர், பக்கம் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் தள்ள வேண்டும் என்று மாற்றினேன். உற்சவரில் ஏற்றி, போன வருஷத்து வயல்களை ஓட்டினேன். ஒத்துப்போன பிறகுதான் மூலவருக்குக் கொண்டுபோனேன்.

நேற்று சாம்பல் புதன், தபசு காலத்தின் முதல் நாள். கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு அப்படியே ஆபீசுக்குப் போனேன். நடேசன் சார் பார்த்துவிட்டு, "இன்னாமா, பொட்டிக்குக் காரியம் பண்ணிட்டு வரியா?" என்றார். "காரியமா, கல்யாணமா, பட்டியல் வந்ததும் சொல்றேன் சார்" என்றேன்.

பட்டியல் வந்தது. அவர் தன் பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆண்டாள், ஏம்பலம், இந்தப் பக்கம் 41: இருந்தது. எல்லாம் ஒத்துவந்தது, ஒரே ஒரு இடம் தவிர. உறுவையாறு தங்கவேல் வயல் ஆபீஸ் பதிவிலேயே இரண்டு தடவை இருந்தது, அவரும் அப்படியே எழுதியிருந்தார். பெட்டி ஒரே தடவைதான் போட்டிருந்தது. அவர் பேனாவை எடுத்துத் தன்னுடையதில் ஒரு கோடு அடித்தார். அது உன் வரி செய்த வேலை, அண்ணே. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் கேட்டார், "போன வாரம் மட்டும் இன்னா ஆச்சி? மெஷின் கோளாறா?"

நீ சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் இனி எந்தப் பட்டியலையும் நம்ப மாட்டார். கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் நாள்தோறும் சந்தேகம்தான். "மெஷின் கோளாறு இல்ல சார், மனுஷன் கோளாறு. யாரையும் கேக்காம மூலவர்ல கை வெச்சது என் கூடப் பொறந்தவரு. சாவிய வெளிய விட்டது எங்க பொறுப்பு. இனிமே அப்படி நடக்காது" என்றேன். பக்கிரி தலையைக் குனிந்துகொண்டார். சார், "சாக்கை எடுத்துக் குடோன்ல போடு" என்று பக்கிரியிடம் சொல்லிவிட்டு ஆண்டாளம்மாவின் ஆர்டரில் முதல் கையெழுத்துப் போட்டார்.

இன்று அந்த வயலில் வெட்டு ஆரம்பித்துவிட்டது. ஆண்டாளம்மா சீட்டை வாங்கும்போது, "ரெண்டு சர்க்காருக்கும் வெளங்காதது உன் பொட்டிக்கு வெளங்கிச்சே, போ" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். வலித்தது.

உன் பெயரைச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பீரோ சாவி இப்போது என் செயினில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நீ என் அண்ணன்தான், உயிர்தான். சாவி மட்டும் தர மாட்டேன். மாற்ற வேண்டுமா, காகிதத்தில் எழுதி அனுப்பு.

செல்வி


மெட்ராஸ்
1-3-1988

தங்கைக்கு,

பத்து நாளாக உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று காகிதம் கிழித்தேன்.

உண்மையைச் சொன்னால், 'கூடப் பொறந்தவரு' என்ற இடத்தில் முதலில் கோபம்தான் வந்தது. ஊரில் என் மானத்தை வாங்கிவிட்டாளே என்று. நாலு நாள் கழித்து, அன்றைக்குக் கை தட்டிய ஆலைக்காரர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வில்லியனூர் பக்கத்து ஆலையில் ஓடுவதையே இவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்" என்றார். என் மேஜையில் இருந்த பிளாப்பியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அதைக் கொடுத்தால் அந்த ஊரில் ஒரு ஆண்டாளம்மா யார் வாசலில் போய் நிற்பார்? "சார், சரியான பிரதி என்னிடம் இல்லை, என் தங்கையிடம் இருக்கிறது" என்றேன். நடந்ததையும் சொன்னேன். படி உயர்வு இந்த வருஷம் இல்லை என்று நினைக்கிறேன். போகட்டும், மெஸ் சாம்பாருக்கு இப்போது வாங்குகிற சம்பளமே அதிகம்.

அந்த ஆலைக்கு உன் மூலவரிலிருந்து ஒரு உற்சவர் எடுத்து அனுப்பு. அதற்கு முன் ஒரு திருத்தம். நீ கேட்டபடியே காகிதத்தில் எழுதியிருக்கிறேன். பார்த்து, சரி என்றால் ஏற்று. இல்லை என்றால் கிழித்துப் போடு, கோபிக்க மாட்டேன்.

முதல் வரி, பழையது: எழுதியவர்: தனிஸ்லாஸ்.
புதியது: எழுதியவர்கள்: தனிஸ்லாஸ், ஆரோக்கிய செல்வி.
காரணம்: அதுதான் உண்மை.

அண்ணன்


வில்லியனூர்
5-3-1988

அண்ணே,

காகிதத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய், "மெட்ராஸ்ல யாருக்கு இன்னாடி?" என்று ஓடிவந்தாள். படித்துக் காட்டினேன். அவளும் சேர்ந்துகொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டுக் காப்பி குடித்தோம்.

உன் திருத்தத்தை உற்சவரில் ஏற்றினேன். அந்த வரியால் பட்டியல் மாறாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் போன வருஷத்து வயல்கள் எல்லாவற்றையும் வைத்து முழுக்க ஓட்டிப் பார்த்தேன். முறை என்றால் முறை. எல்லாம் ஒத்துப்போயிற்று.

ஆனால் அந்த வரியில் எனக்கு ஒரு திருத்தம் இருக்கிறது. பெயர்களை அகர வரிசையில் போடுவதுதான் நம் பட்டியலின் வழக்கம். அது நீயே எழுதிவைத்த சட்டம். 'ஆ' முதலில் வர வேண்டும், 'த' பின்னால்தான் வர வேண்டும்.

பழையது: எழுதியவர்கள்: தனிஸ்லாஸ், ஆரோக்கிய செல்வி.
புதியது: எழுதியவர்கள்: ஆரோக்கிய செல்வி, தனிஸ்லாஸ்.
காரணம்: நீ போட்ட சட்டம் உனக்கும் பொருந்தும்.

சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது. பீரோவும் ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் ஏற்றுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். பக்கிரி கூட, "போட்டுடும்மா, அவுரு மட்டும் கேட்டாரா?" என்றார். ஏற்றவில்லை. நீ சரி என்று எழுதும்வரை மூலவரில் உன் பெயர் மட்டும்தான் இருக்கும்.

செல்வி


தந்தி
மெட்ராஸ், 8-3-1988

சரி. ஏற்று.
தனிஸ்லாஸ்